கொல்கத்தா: பத்து கையும் ஒரு மெமரி கார்டும்

ஊருக்கு வந்து மூணு நாளாச்சு, கெண்டைக்கால் வலி இன்னும் போகல. அங்க ராத்திரி லாட்ஜ்ல படுத்துட்டு போன்ல குறிச்சு வெச்சத நாள் வாரியா போடுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. என்னைத் தெரியாதவங்களுக்கு, நான் வாரம் ஆறு நாள் ஆன்லைன் துணி வியாபாரம் பண்றவங்களுக்கு சுடிதாரும் பெட்ஷீட்டும் வெள்ளை பின்னணில எடுத்துத் தர்ற ஆளு. ஞாயித்துக்கிழமை மட்டும் சென்னைல பாரிஸ் கார்னர், காசிமேடு, கொசப்பேட்டைன்னு கேமராவத் தூக்கிட்டு அலைவேன். கொல்கத்தா போகணும்ங்கறது ஏழெட்டு வருஷ ஆசை. தெருவுல படம் எடுக்குறவன் எவனைக் கேட்டாலும் "அங்க போய்ட்டு வந்துட்டியா"ன்னு தான் முதல்ல கேப்பான். போறதுக்கு முன்னாடி போன்ல நாப்பது படம் சேவ் பண்ணி வெச்சிருந்தேன், இந்த மாதிரி எடுக்கணும் அந்த மாதிரி எடுக்கணும்னு. அதுதான் முதல் தப்பு.

செப்டம்பர் 13, சனி ராத்திரி

ஹௌராவுல இறங்கும்போது மணி பதினொன்னு தாண்டிருச்சு. ரயில்ல சொல்ற மாதிரி ஒன்னும் இல்ல, கரக்பூர்ல ஏறின ஒரு பெரியவர் மட்டும் தன்னோட ஜால்முரி (மசாலாப் பொரி) பொட்டலத்துல பாதிய கேக்காமலே என் உள்ளங்கையில கொட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கடுகெண்ணெய் வாசனை ரெண்டு மணி நேரம் விரல்ல இருந்துச்சு.

ஸ்டேஷனுக்கு வெளிய மஞ்சள் டாக்ஸி. அம்பாசிடர் தயாரிப்பு 2014லயே நின்னுபோச்சு, பதினஞ்சு வருஷம் ஓடின வண்டிய ரோட்ட விட்டு எடுக்கணும்னு வேற விதி, அதனால ஒவ்வொன்னா மறைஞ்சுட்டு இருக்கு. நான் ஏறினதுல கதவு உள்பக்கம் திறக்காது, டிரைவர் வெளியேர்ந்து கைய விட்டுத் திறந்தாரு. ஹௌரா பாலத்து மேல போகும்போது ஜன்னல் வழியா நாலு படம் எடுத்தேன், நாலும் ஆட்டம். பரவால்ல, நாளைக்கு பாத்துக்கலாம்னு தர்மதலா பக்கத்து சந்துல லாட்ஜுக்குப் போய் ஏசிய 20ல வெச்சு தூங்கிட்டேன். இது ரெண்டாவது தப்பு.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலைல அஞ்சு மணிக்கே கிளம்பி டெரிட்டா பஜார் போனேன். பழைய சைனா டவுன் அது. விடியும்போதே ரோட்டோரமா சீனக் குடும்பத்து அம்மாக்கள் மோமோ, பன்றிக்கறி வெச்ச பன், மீன் உருண்டை சூப்னு கொண்டு வந்து வெப்பாங்க, எட்டு எட்டரைக்கெல்லாம் துடைச்சுட்டுப் போயிருவாங்க. நான் போனப்ப ஆவி சும்மா குபுகுபுன்னு போயிட்டு இருக்கு, பின்னாடி லேசா வெளிச்சம், ஒரு பாட்டி மூங்கில் தட்ட திறக்குறாங்க, கேமராவ கண்ணுல வெச்சா எல்லாமே பால்ல முக்கின மாதிரி தெரியுது. ஆவின்னு நெனச்சேன். லென்ஸ்தான். ராத்திரி முழுக்க ஏசில குளிர்ந்த கண்ணாடி, வெளிய செப்டம்பர் மாச கொல்கத்தா புழுக்கம், மொத்தமா வேர்த்துப்போச்சு. துடைச்சா திரும்பவும் வருது. இருவது நிமிஷம் கேமராவ வயித்தோட அணைச்சு வெச்சுட்டு நின்னேன், அந்த இருவது நிமிஷத்துல வெளிச்சம் போயிருச்சு, மோமோ ஒரு பிளேட் 80 ரூபாவுக்கு வாங்கித் தின்னேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்ல. நல்லாதான் இருந்துச்சு. (மறுநாள்லேர்ந்து கேமராவ ஜிப் பைல போட்டு பாத்ரூம்ல வெச்சுட்டு படுத்தேன், பிரச்சனை வரல.)

அங்கேர்ந்து படா பஜார் வழியா நடந்தே மல்லிக் காட் பூ மார்க்கெட். நம்ம சென்னை பூக்கடை மார்க்கெட் மாதிரி நாலு மடங்கு வெச்சுக்கோங்க, ஆனா நம்ம ஊர்ல மல்லி, கனகாம்பரம்னு முழம் கணக்கு, இங்க துலுக்க சாமந்திய தாம்புக்கயிறு கனத்துக்கு கோத்து ஆரஞ்சும் மஞ்சளுமா ஆளு கழுத்தே தெரியாத அளவுக்கு மாட்டிக்கிட்டு நடக்குறாங்க. காளிக்கு செம்பருத்தி தனியா குவியல் குவியலா. கீழ சேறு, வாழை இலை, அழுகின பூ, கால் வழுக்கினா ஹூக்ளி ஆறுதான்.

படியில எனக்கு முன்னாடியே ஏழு பேர் கேமராவோட நிக்குறாங்க, என்னோட எட்டு. ஒரு சுமைக்காரர் மாலையெல்லாம் தலைல சுமந்துட்டு வர்றாரு, தகர ஷெட்டுல ஒரு ஓட்டை, அது வழியா வெயில் ஒரு கோடு மாதிரி விழுது, அவரு கரெக்டா அந்தக் கோட்டுக்கு வந்ததும் ஒரு செகண்ட் நின்னு கண்ண மேல தூக்கினாரு பாருங்க, எட்டு கேமராவும் சடசடன்னு அடிச்சுது. அப்புறம் சாதாரணமா நடந்துபோய் சுமைய இறக்கிட்டு வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் டீக்கு காசுன்னு கைய நீட்டினாரு. நான் இருவது ரூபா குடுத்தேன், குடுக்க வேண்டிய காசுதான், எங்களை விட அவருக்குத்தான் வெளிச்சம் தெரியுது. படத்தப் பாத்தா என் போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்த பதினோராவது படம் அச்சு அசலா அதே. அதே ஆளாக்கூட இருக்கலாம், முகம் மறைஞ்சிருந்ததால சொல்ல முடியல.

மண் கோப்பையில டீ 10 ரூபா. குடிச்சுட்டு கோப்பைய கீழ போட்டு உடைக்கணும், எனக்கு மனசு வரல, பையில வெச்சுக்கிட்டேன், சாயங்காலம் பைக்குள்ளயே உடைஞ்சிருந்துச்சு.

பாலத்து நடைபாதைக்கு ஏறினேன். 1943ல திறந்த பாலம், நட்டு போல்ட்டே கிடையாது, எல்லாம் ரிவெட். இதுல எனக்குப் பிடிச்ச கதை என்னன்னா, ஜனங்க பான் துப்பித் துப்பி பாலத்தத் தாங்குற கம்பிகளோட அடிப்பகுதித் தகடு ஆறு மில்லிமீட்டர்லேர்ந்து மூணுக்கும் கீழ அரிச்சுப் போச்சாம், அப்புறம் ஃபைபர் கவர் போட்டு மூடினாங்க. அந்தக் கவரப் பாத்தேன், அதுலயும் துப்பி வெச்சிருக்காங்க. அத எடுக்கலாம்னு குனிஞ்சா விசில் சத்தம், பாலத்து மேல எடுக்கக்கூடாதுன்னு கை காட்டுனாங்க. பக்கத்துலயே ஒரு காலேஜ் கூட்டம் போன்ல செல்ஃபி எடுத்துட்டு இருக்கு, அவங்கள ஒன்னும் சொல்லல. கழுத்துல கேமரா பட்டை மாட்டினா நீ ஒரு மாதிரி ஆளு, எல்லா ஊர்லயும் இதேதான்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்னைக்கு நடைதான். தர்மதலா பக்கத்துலயே எஸ்.என். பானர்ஜி ரோட்டுல போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ இருந்த கட்டடம். 1860கள்லேர்ந்து ஓடி 2016ல மூடினாங்க, உலகத்துலயே ரொம்ப காலம் நடந்த ஸ்டூடியோக்கள்ல ஒன்னு. 1991ல தீப்பிடிச்சு நெறைய நெகட்டிவ் போச்சு. வெளிய நின்னு பாத்தா மாடிவரைக்கும் போர்டுங்க, கீழ துணி வியாபாரம், ஒரு பையன் பெட்ஷீட்ட விரிச்சுக் காட்டிட்டு இருந்தான். பெட்ஷீட்ட விட்டு ஓடிவந்தா இங்கயும் பெட்ஷீட்.

காலேஜ் ஸ்ட்ரீட்ல காபி ஹவுஸ். வேலை செய்றவங்களோட கூட்டுறவு நடத்துறது, தலைப்பாகை கட்டின சர்வருங்க, மாடிலேர்ந்து கீழ பாத்தா மேஜை மேஜையா தலைகளும் சிகரெட் புகையும், ஃபேனுங்க நீளமான கம்பில தொங்குது. பால் இல்லாத காபிய இன்ஃபியூஷன்ங்கறாங்க. சொல்லிட்டு முக்கா மணி நேரம் வரல, யாரும் கோவப்படவும் இல்ல. மேலேர்ந்து ஒரு படம் எடுத்தேன், பக்கத்து மேஜைலேர்ந்து ஒரு பெரியவர், கண்ணாடி மூக்கு நுனியில, "காட்டுங்க"ன்னு கைய நீட்டினாரு. சென்னைல யாராவது படத்தக் காட்டுன்னா அது டெலீட் பண்ணச் சொல்றதுக்குத்தான், பயந்துட்டே காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் இங்கிலீஷ்ல, "உங்க இடது பக்கம் சரியுது, தூண நேரா வைங்க"ன்னாரு. திரும்ப எடுத்தேன். அதையும் வாங்கிப் பாத்தாரு. "இப்ப நேரா இருக்கு, ஆனா முன்னாடி எடுத்ததுல அந்தப் பொண்ணு சிரிச்சுது"ன்னு சொல்லிட்டு பேப்பருக்குள்ள போயிட்டாரு.

எனக்கு இங்க பெரிய கஷ்டமே இதுதான். நான் சென்னைல பழகினது ஒளிஞ்சு எடுக்குறது. லென்ஸ் துளை எஃப் எட்டு, ஃபோகஸ் ரெண்டரை மீட்டர்ல பூட்டி வெச்சுட்டா என் லென்ஸுல ஒன்றரை மீட்டர்லேர்ந்து பத்து மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவா இருக்கும், கண்ணுல வெக்கவே வேணாம், நெஞ்சுக்கு நேரா வெச்சு நடந்துட்டே அமுக்கிட்டுப் போயிரலாம், யாருக்கும் தெரியாது. இங்க அது நடக்கல. பாத்துடுறாங்க. பாத்து முறைக்கவும் மாட்டேங்குறாங்க, "தாதா (அண்ணா), எங்கேர்ந்து வர்றீங்க, எந்தப் பேப்பர், சென்னையா, வேலூர் பக்கமா?"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க. வேலூர் எல்லாருக்கும் தெரியுது, வீட்டுக்கு ஒருத்தராவது வைத்தியத்துக்கு வந்துட்டுப் போயிருக்காங்க போல. ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் தன் மாமனார் ஆபரேஷன் கதைய அரைமணி நேரம் சொன்னாரு, அதுக்குள்ள மூணு டிராம் போயிருச்சு. 1873ல குதிரை இழுத்த டிராம்ல ஆரம்பிச்ச ஊரு, இப்போ மிஞ்சினது ரெண்டு மூணு ரூட்டுதான், அதுலயும் மூண விட்டேன்.

ராத்திரி சோத்து ஏக்கம் தாங்காம மெட்ரோ புடிச்சு காளிகாட் ஸ்டேஷன்ல இறங்கி லேக் மார்க்கெட் போனேன். அங்க தமிழ்க் குடும்பங்க ரொம்ப காலமா இருக்காங்க, கடைல அப்பளம், காபித்தூள், வாழை இலை, உதிரி மல்லி எல்லாம் கிடைக்குது. மளிகைக் கடைல ஒரு மாமி என் பையப் பாத்துட்டு, "எந்த ஊருப்பா?"ன்னாங்க. பெரம்பூர்னேன். "நான் பொறந்ததே இங்கதான், பெரம்பூர் பாத்ததில்ல"ன்னு சொல்லி, "சாம்பார் இங்க இனிக்கும், பரவால்லன்னா அந்த முக்குக் கடைல சாப்டு"ன்னு வழி காட்டினாங்க. இனிச்சுது.

செப்டம்பர் 16, செவ்வாய்

குமார்துலி, களிமண்ணுல சாமி சிலை செய்றவங்க பகுதி. சோவாபஜார் மெட்ரோலேர்ந்து நடை தூரம். துர்கா பூஜைக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல, மகாளய அமாவாசைக்கு அஞ்சு நாள், அன்னைக்குத்தான் அம்மனுக்கு கண் திறக்குறது வழக்கம். படம் எடுக்க காசு கட்டி சீட்டு வாங்கணும், கட்டிட்டேன், எத்தன பேர் வந்து அவங்க வேலைய மறிக்குறோம், நியாயம்தான்.

நான் கொசப்பேட்டைல விநாயகர் சதுர்த்திக்கு முன்னாடி வருஷா வருஷம் எடுக்குறவன், அதனால களிமண் எனக்குப் புதுசில்ல. ஆனா இங்க சந்து சந்தா, தெருவே ஒரு பட்டறை. மூங்கில் சட்டம், அதுமேல வைக்கோல கயிறால இறுக்கிக் கட்டி உடம்பு, அதுமேல மண்ணு. வனமாலி சர்க்கார் தெருவுல ரெண்டு பக்கமும் தலையில்லாத அம்மனுங்க வரிசையா நிக்குது, தலை தனியா, விரல் தனியா அச்சுல எடுத்துக் காய வெச்சு கடைசில ஒட்டுறாங்க. மழையா வேற இருக்கா, மண்ணு காயல, ஒரு பையன் கேஸ் பர்னர கையில புடிச்சு சிங்கத்தோட முதுகுல தீய காட்டிட்டு இருந்தான், டிவிஎஸ் வண்டிக்கு பெயிண்ட் காய வெக்கிற மாதிரி அவ்ளோ சாதாரணமா.

மேல பூரா நீல தார்ப்பாய். கண்ணுக்குத் தெரியாது, படத்துல எல்லார் மூஞ்சியும் நீலமா இருக்கும், கிருஷ்ணர் மாதிரி. எடிட்டிங்ல இத சரி பண்ணப் போனா நீலம் குறையும், பல்பு வெளிச்சம் படுற பக்கம் ஆரஞ்சாயிரும். நான் கண்டுபிடிச்ச வழி, படத்துல எங்கயாவது ஈரக் களிமண்ணு இருக்கும்ல, அதுமேல கலர் பிக்கர வெச்சு சாம்பல் நிறம் இதுதான்னு சொல்லிட்டா ஓரளவு கரெக்டா வந்துடும். இதுக்குன்னே சாம்பல் அட்டைய கிரே கார்டுன்னு கடைல விக்கிறாங்க, இங்க தெரு பூரா அதுதான் கிடக்கு.

வயசான சிற்பி ஒருத்தர் அம்மனோட தோள வழவழப்பாக்கிட்டு இருந்தாரு. "சொபி துல்போ?"ன்னு கத்துக்கிட்டு வந்த ரெண்டே வார்த்தைல கேட்டேன், படம் எடுக்கலாமான்னு. தலைய ஆட்டிட்டு, தன் கைய மட்டும் வெளிச்சத்துக்கு நகத்தி வெச்சாரு. பூ மார்க்கெட்டேதான் இங்கயும். எல்லாரும் கையத்தான் எடுக்குறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் கையத்தான் எடுத்தேன், வேற என்ன பண்றது.

மூணு மணிக்கு கார்டு நெறஞ்சிருச்சு. 32 ஜிபி, ராவும் (கேமரா பதப்படுத்தாம வெக்கிற பெரிய ஃபைல்) ஜேபெக்கும் (சாதாரண படம்) சேத்து எடுத்தா எண்ணூத்திச் சொச்சம் படம்தான் புடிக்கும். இன்னொரு கார்டு லாட்ஜ்ல, அதுல ஊர்ல எடுத்த பெட்ஷீட்டுங்க, ஆபீஸ்ல காப்பி பண்ணியாச்சு. லேப்டாப் கனம்னு எடுத்துட்டு வரல. ஆக, நின்ன இடத்துலயே கேமராவுல பின்னாடி போய் ஆடின படம், கண்ணு மூடின படம்னு அங்க ஒன்னு இங்க ஒன்னா ஒரு பத்து டெலீட் பண்ணி இடம் பண்ணேன்.

அப்ப புடிச்சுது மழை. மழைன்னா அந்த மாதிரி மழை, சித்பூர் ரோட்டுல ஒரு மருந்துக் கடை ஷெட்டுக்கு அடியில ஓடிப்போய் நின்னேன். ஒரு ஸ்கூல் பையன், ஒரு நாய், நான். அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு, ஒரு பலகைய பாலிதீன் போட்டு மூடி ஏந்திக்கிட்டு ஓடிவந்தாரு. நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். உள்ள வந்ததும் பாலிதீன நீக்கிப் பாக்குறாரு, பத்து கை. அம்மனோட பத்து கை, மணிக்கட்டு வரைக்கும், மேல பாத்து விரிச்ச மாதிரி, பெயிண்ட் இல்லாம வெறும் மண்ணு. ஒன்னுல சுண்டுவிரல் லேசா விரிசல். "ஏஏ"ன்னு வாய்க்குள்ள ஏதோ திட்டிக்கிட்டாரு.

நான் கேமராவத் தூக்குறேன், அவரு சட்டுன்னு அந்தப் பலகைய என்கிட்ட நீட்டிட்டாரு. புடிங்கன்னு. வாங்கிட்டேன், வேற வழி. ரெண்டு கையிலயும் பலகை, கழுத்துல கேமரா தொங்குது, எதிர்ல மழை, மருந்துக் கடை பச்சை விளக்கு அந்த விரலுங்க மேல விழுது, என் வாழ்க்கைல பாத்த நல்ல வெளிச்சத்துல ஒன்னு, என்னால ஒரு பொத்தான அமுக்க முடியல. அவரு நிதானமா லுங்கிய அவுத்து திரும்பக் கட்டினாரு, பீடி எடுத்தாரு, தீப்பெட்டி நனைஞ்சிருந்துச்சு, கடைக்காரர்கிட்ட லைட்டர் வாங்கினாரு, பத்த வெச்சு ரெண்டு இழுப்பு இழுத்தாரு, அப்புறம் கொஞ்சம் மண்ண எச்சில்ல குழைச்சு அந்தச் சுண்டுவிரல சரி பண்ணாரு. நான் அசையாம பலகைய புடிச்சுட்டு நிக்குறேன், ஸ்கூல் பையன் என்னையப் பாத்து சிரிக்குறான். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். கனமே இல்ல, கையிங்க.

பலகைய திரும்ப வாங்கிட்டு அவரு மழையப் பாத்தாரு. அப்ப ஒன்னே ஒன்னு எடுத்தேன். கேமராவ கண்ணுல வெச்சு, அவரு பாக்க பாக்க. ஸ்கிரீன்ல காட்டினேன், "பாலோ" (நல்லாருக்கு)ன்னுட்டு பாலிதீன மூடிட்டு ஓடிட்டாரு. பேரு கேக்கல.

அந்தத் தெம்புல முட்டை ரோல் ரெண்டு தின்னேன், ஒன்னு 50 ரூபா.

செப்டம்பர் 17, புதன்

விஸ்வகர்மா பூஜை. பிரஸ், லேத்து பட்டறை, ரிக்‌ஷா ஸ்டாண்டு எல்லாத்துலயும் சின்ன பந்தல் போட்டு மிஷினுக்கு மாலை, நம்ம ஆயுத பூஜை மாதிரி. ஆனா இங்க வானம் பூரா பட்டம். நான் வடசென்னைக்காரன், மாஞ்சாவுக்கு தடை வர்றதுக்கு முன்னாடி மொட்டமாடில வளந்தவன், கழுத்து வலிக்க வலிக்க பாத்தேன். நம்ம ஊர் டீல் (பட்டச் சண்டை) மாதிரிதான், நூல் அறுந்ததும் இவங்க "போ-கட்டா"ன்னு மாடி மாடியா கத்துறாங்க.

லாட்ஜ்ல கிளம்புற அவசரத்துல பெட்ஷீட் கார்டப் போட்டு ஃபார்மட் குடுத்துட்டு வந்திருந்தேன். மொட்டமாடில ஒரு அறுவது படம் எடுத்தப்புறம் வெயிலுக்கு ஒதுங்கி உக்காந்து, நேத்து அந்த பத்துக்கை படத்த இன்னொரு தடவ பாக்கலாம்னு பையிலேர்ந்து மத்த கார்ட எடுத்துப் போட்டா, பெட்ஷீட். நீலப் பூ போட்டது, டபுள் காட், தலையணை உறை ரெண்டு.

ரெண்டு கார்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், மாத்திப் போட்டு ஃபார்மட் பண்ணிருக்கேன். மேல ஒரு துண்டு டேப் ஒட்டி ஏ, பின்னு எழுதணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்.

கேமராவ அணைச்சுட்டேன். அந்தக் கார்டுல ஒரு படமும் மேல எடுக்கக்கூடாதுன்னு மட்டும் தெரியும், ஃபார்மட் பண்ணா அட்டவணைதான் அழியும், புதுசா எழுதுற வரைக்கும் பழசு உள்ளயே கிடக்கும். மிச்ச நாள் சும்மா சுத்தினேன். மிஷ்டி தோய் (இனிப்புத் தயிர்) சாப்பிட்டேன், உருளைக்கிழங்கு போட்ட பிரியாணி சாப்பிட்டேன், படகுல அக்கரை போய் இக்கரை வந்தேன். கேமரா இல்லாதப்ப ஒருத்தரும் எந்த ஊருன்னு கேக்கல.

செப்டம்பர் 20, சனி, பெரம்பூர்

நேத்து வந்து குளிக்காமகூட லேப்டாப்பத் திறந்து ஃபோட்டோரெக் ஓட்டினேன். அழிஞ்ச ஃபைல மீட்குற இலவச மென்பொருள், பாக்க டாஸ் காலத்து கறுப்பு ஸ்கிரீன் மாதிரி இருக்கும், ஆனா வேலைய செய்யும். அதிகாலை வரைக்கும் ஓடுச்சு. பழைய பேரெல்லாம் போயிரும், எஃப் போட்டு ஏழெட்டு நம்பர், வரிசையா ஆயிரக்கணக்குல.

பட்டம் எடுத்த அறுவது படமும் கார்டோட ஆரம்பத்துல போய் உக்காந்திருக்கு, அதனால அங்க இருந்த முதல் அறுவது போச்சு. ஆட்டமா எடுத்த பாலம், பால்ல முக்கின மோமோ, வெளிச்சக் கோட்டுல நின்ன சுமைக்காரர். அவரு படம் வேணும்னா என் போன்லயே இருக்கு, பதினோராவது. காபி ஹவுஸ் ரெண்டும் வந்துருச்சு, சரிஞ்சதையும் நேரானதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், பெரியவர் சொன்னது சரி, சரிஞ்சதத்தான் வெச்சுக்கிட்டேன். சிற்பியோட கை முப்பது வந்துச்சு.

பத்துக்கை கடைசில இருந்துச்சு. நான் அங்கங்க டெலீட் பண்ண ஓட்டைகள்ல அந்த ஃபைல் துண்டு துண்டா போய் உக்காந்திருக்கு, இந்த மாதிரி மென்பொருள் அடுத்தடுத்து இருக்குறதத்தான் சேத்து எடுக்கும், சிதறினத கண்டுபிடிக்காது. ராவ் திறக்கவே இல்ல. ஜேபெக் மேலேர்ந்து பாதி வரைக்கும் வந்துச்சு. ஷெட்டு ஓரத்துல சொட்டுற தண்ணி, பச்சை விளக்கு, அவரோட முகம், மழையப் பாக்குற கண்ணு, காதுல சொருகின பீடி, தோள் வரைக்கும் எல்லாம் சுத்தமா இருக்கு. அதுக்குக் கீழ ஒரே சாம்பல் நிறப் பட்டை.

கலர் பிக்கர அந்தப் பட்டை மேல வெச்சுப் பாத்தேன். நீலமும் இல்ல, ஆரஞ்சும் இல்ல, கரெக்டான சாம்பல். சேவ் பண்ணிட்டு தூங்கப் போயிட்டேன், திங்கக்கிழமை தலையணை உறை நூத்தி இருவது எடுக்கணும்.